கடைத்தட்டு வெறுமையாவது ஏன்?

மைசூர்ப் பருப்புக் கறி சமைக்காத வாரம் நமது வீடுகளில் அரிது. அப்பருப்போ நமது நாட்டில் விளைவதன்று. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள பெருவயல்களில் விளைந்து, கப்பலேறிக் கொழும்புத் துறைமுகத்தை அடைந்து, புறக்கோட்டை மொத்த வியாபாரியின் கிட்டங்கியில் தங்கி, லொறியேறி யாழ்ப்பாணம் வந்து, ஊர்க் கடைக்காரரின் சாக்கிலிருந்து நம் பைக்கு வருகின்றது. இத்தனை கைகள் மாறி வரும் பண்டம் ஒருநாள் கடையில் இல்லையென்றால், இல்லத்தரசியார் கடைக்காரரைக் குறை கூறுவார். கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கூறுவார். மொத்த வியாபாரி கப்பலைக் கூறுவார். கப்பல் வாய் திறந்து பேசுவதில்லையாதலால் வழக்கு அவ்வளவில் முடிந்துவிடும்.

இக்கைமாற்றங்கள் முழுவதையும் ஒன்றாக வைத்து ஆராயும் கல்விக்கு வழங்கற் சங்கிலி முகாமைத்துவம் என்று பெயர். பெயர் புதியது, கீத் ஒலிவர் என்னும் வர்த்தக ஆலோசகர் 1982ஆம் ஆண்டில் அதனை வழக்கிற்குக் கொணர்ந்தார். தொழிலோ வணிகம் தோன்றிய காலந்தொட்டு உள்ளது. வர்த்தகப் பிரிவு மாணாக்கருக்கு இதனைக் கற்பிக்கும்போது கொள்வனவு, களஞ்சியம், போக்குவரத்து என்னும் தலைப்புகளை விரைவாகக் கடந்து, ஒரு விஷயத்தில் மட்டும் பல நாட்கள் நின்றுவிடுவது என் வழக்கம். பண்டம் இல்லாமையால் மட்டும் சங்கிலி அறுவதில்லை. பண்டத்தைப் பற்றிய செய்தி ஒழுங்காகச் செல்லாமையாலும் அறும் என்பதே அது. இதனை நான் நூலிற் படித்து அறிந்திருந்தேன். உணர்ந்தது என் பழைய மாணவர் ஒருவரின் கடையிலேதான்.

அவர் பட்டணத்தை அடுத்த ஒரு சந்தியில் சிறு மின்பொருட் கடை வைத்திருப்பவர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டதை எவரும் மறந்திரார். மாதத்திற்கு இரண்டு விற்றுவந்த 'சார்ஜ் லைற்' அவர் கடையில் ஒரே மாதத்தில் முப்பது விற்றுவிட்டது. மேலும் நாற்பது வேண்டுமென மொத்த வியாபாரியிடம் கேட்டார். கேட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் தரமுடியும் என்றார் வியாபாரி. கணக்கிற் கெட்டிக்காரரான என் மாணவர் உடனே நூற்றிருபதாகக் கேட்டார். அதுவும் வராவிட்டால் என் செய்வதென்று எண்ணி, வேறு இருவரிடமும் தலைக்கு நூற்றிருபது சொல்லிவைத்தார்.

ஆகஸ்ட் பிறந்தது. மின்வெட்டு முன்னையிலும் மிகக் குறைந்திருந்தது. அப்போதுதான், மூன்று வாரங்களுக்குள், மூன்று வியாபாரிகளும் சொன்ன சொல் தவறாமல் முந்நூற்றறுபது விளக்குகளையும் கொண்டுவந்து இறக்கினார்கள். பணம் கட்டுவதற்குத் தாயாரின் சங்கிலி அடைவுக்குப் போயிற்று.

"சேர், ஒருத்தராவது தருவினம் எண்டுதான் மூண்டு பேருக்கும் சொல்லி வைச்சனான்" என்றார்.

"தம்பி, அந்த மூன்று பேரும் தங்களுக்கு மேலே உள்ளவரிடம் எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்று யோசித்தீரா?" என்றேன். அவர் பேசாமல் விளக்குப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வேளையில் ஆசிரியத்தனம் காட்டியதற்காகப் பிறகு வருந்தினேன்.

இவருடைய இடர், அமெரிக்காவில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேரறிஞரின் கவனத்தை ஈர்த்த இடரேயாகும். கென்ரக்கி மாநிலத்தில் ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தாரின் வீட்டுச் சாதனத் தொழிற்சாலைகள் இருந்தன. அங்கே ஒரு காலத்தில் இரவு பகலாக மூன்று நான்கு முறைகளில் வேலை நடக்கும். சில ஆண்டுகள் கழியத் தொழிலாளரிற் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பவேண்டி வரும். மக்கள் வாங்குவது கூடிக் குறைவதே காரணம் என்று முகாமையாளர் நம்பினர். ஆயினும் அவ்விளக்கம் அவர்களுக்கே நிறைவு தரவில்லை. மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துப் பேராசிரியர் ஜே பொறெஸ்ரர் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, கையிருப்பு எவ்வளவு, வேலையாட்கள் எத்தனை பேர், வந்த கட்டளை எவ்வளவு என்று வாரம் வாரமாகக் கணக்கிட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் கேள்வி சற்றும் மாறாதிருப்பினும், உள்ளே தீர்மானம் எடுக்கும் முறையினாலேயே ஏற்றமும் இறக்கமும் தாமாக எழுவதை அக்கணக்குக் காட்டிற்று. 1958இல் இதனைக் கட்டுரையாகவும் 1961இல் பெருநூலாகவும் வெளியிட்டார்.

அவரைச் சார்ந்தோர் இதனை விளங்கவைக்க ஒரு விளையாட்டையும் அமைத்தனர். அதிற் கைமாறும் பண்டம் பியர். நமது வகுப்பறைக்கு அது ஒவ்வாதாகையால் நான் அதனைக் கோதுமை மா மூட்டையாக மாற்றிக்கொண்டேன். மூட்டைக்குப் பதிலாகப் புளியங்கொட்டை. நான்கு வாங்குகள். முதல் வாங்கில் சில்லறைக் கடை, அடுத்ததில் மொத்த வியாபாரி, பின் விநியோகஸ்தர், கடைசியில் ஆலை. கடைக்காரர் மட்டும் வாரந்தோறும் ஒரு சீட்டைத் திருப்பி, மக்கள் எத்தனை மூட்டை கேட்கின்றனர் என்று பார்ப்பார். பார்த்ததை எவருக்கும் சொல்லலாகாது. தமக்கு வேண்டியதை ஒரு துண்டில் எழுதி மேல் வாங்குக்கு அனுப்பவேண்டும். துண்டு போய்ச் சேர இரண்டு வாரம். மூட்டை வந்து சேர இன்னும் இரண்டு வாரம். கிட்டங்கியில் தேங்கிக் கிடக்கும் மூட்டைக்கும் செலவு உண்டு. கேட்டவருக்குக் கொடுக்க முடியாத மூட்டைக்கு அதனிலும் இருமடங்கு செலவு.

விளையாட்டுத் தொடங்கி ஐந்தாறு வாரங்களில் கடைக்காரரின் தட்டு வெறுமையாகும். அவர் பதற்றத்தோடு கூடுதலாகக் கேட்பார். மூட்டை உடனே வராது. எனவே அடுத்த வாரம் இன்னும் கூடுதலாகக் கேட்பார். மொத்த வியாபாரி அதைக் கண்டு, ஊரில் மாவுக்குப் பஞ்சம் வந்துவிட்டது போலும் என்று தம் பங்குக்கு மேலும் சேர்த்து எழுதுவார். ஆலை வாங்கிலுள்ள பிள்ளைகளிடம் துண்டு வந்து சேரும்போது அதில் நாற்பது என்றும் ஐம்பது என்றும் இருக்கும். பத்து வாரங்கள் கழித்துப் பார்த்தால், ஒருவர் முன்னால் புளியங்கொட்டை மலை. எவரும் எதுவும் கேட்பதில்லை. வாங்குக்கு வாங்கு ஏச்சும் எழும்.

ஆட்டம் முடிந்தபின், "மக்கள் வாரந்தோறும் எவ்வளவு மா வாங்கியிருப்பார்கள் என்று கோடு வரைந்து காட்டுங்கள்" என்பேன். கடைசி மூன்று வாங்குகளிலும் உள்ளவர்கள் மலையும் பள்ளத்தாக்குமாக வரைவார்கள். பின்னர் முதல் வாங்கின் சீட்டுகளைப் பரப்பிக் காட்டுவேன். முதல் நான்கு வாரம் நந்நான்கு மூட்டை. ஐந்தாம் வாரம் முதல் இறுதிவரை எவ்வெட்டு மூட்டை. அவ்வளவுதான். மக்கள் ஒரேயொருமுறை தம் தேவையைக் கூட்டினர், பின் அசையவேயில்லை. அலை முழுவதும் வகுப்பறைக்குள்ளே பிறந்தது.

பிள்ளைகள் ஆடுவதாலன்றோ இப்படியாயிற்று என்று வாசகர் எண்ணலாகாது. அதே நிறுவகத்தைச் சேர்ந்த ஜோன் ஸ்ரேமன் என்பார் மாணவரையும் அனுபவமிக்க வணிகரையும் கொண்டு இவ்வாட்டத்தை நடத்தி, 1989இல் முடிவுகளை வெளியிட்டார். வந்த செலவு, வரவேண்டிய மிகக் குறைந்த செலவைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. அவர் கண்ட முதற் பிழை மிக எளியது. கட்டளையிட்டும் இன்னும் வந்து சேராத பண்டத்தை எல்லோரும் மறந்துவிடுகின்றனர். தட்டில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. வழியில் வருவது தெரிவதில்லை.

1997இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து ஹோ லீயும் அவருடைய தோழர் இருவரும் இதனை மாட்டுச் சாட்டையின் பெயரால் விளக்கி எழுதினார்கள். வண்டிக்காரனின் மணிக்கட்டுச் சிறிதே அசைய, சாட்டையின் நுனி வானத்தில் வீசியடிக்கின்றதன்றோ? குழந்தைகளின் அரைத்துணி செய்யும் அமெரிக்க நிறுவனமொன்றை அவர்கள் உதாரணம் காட்டினர். குழந்தைகள் நாள்தோறும் ஒரே அளவில்தான் துணியை நனைக்கின்றன. ஆயினும் அந்நிறுவனம் தன் மூலப்பொருள் வியாபாரிகளுக்கு இட்ட கட்டளைகளோ பேரலையாய் ஏறியிறங்கின. லொறி நிறையட்டும் என்று காத்திருந்து மொத்தமாகக் கேட்பது ஒரு காரணம். விலைக்கழிவு அறிவித்த வாரத்தில் அள்ளி வாங்குவது இன்னொன்று. தட்டுப்பாட்டுக் காலத்தில், கேட்டதில் ஒரு பங்குதான் கிடைக்கும் என்று எண்ணிப் பொய்யாகப் பெருக்கிக் கேட்பது மற்றொன்று. என் மாணவர் அகப்பட்டது இக்கடைசிப் பொறியில்.

2022இல் எரிபொருள் வரிசைகளிலும் இதன் சாயலைக் கண்டோம். அடிப்படைக் காரணம் அந்நியச் செலாவணி இல்லாமையே, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், நாளை கிடையாது என்ற அச்சத்தால் பாதி நிறைந்த தாங்கியுடன் வரிசைக்கு வந்தோர் எத்தனை பேர்? நானும் ஒருமுறை அவ்வாறு நின்றவன்தான். அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் அட்டைமுறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என முதலில் வரையறுத்தனர். அளவு சிறிது, பலருக்கு அது போதவில்லை. என்றாலும், தன் பங்கு தனக்கு உண்டென்று அறிந்தபின் விடியற்காலையில் போத்தலோடு ஓடவேண்டிய தேவை குன்றிற்று.

சேமித்து வைப்பதே பேதைமை என்பது என் கருத்தன்று. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏ 9 வீதி மூடப்பட்டபோது குடாநாட்டில் இருந்தவர்களிடம், வீட்டில் ஒரு மூட்டை அரிசி வைக்காதீர்கள் என்று எவர் சொல்லத் துணிவார்? யப்பானியரும் இதைக் கற்றுக்கொண்டனர். தேவைப்படும் வேளையில் தேவைப்படும் அளவு மட்டும் என்னும் முறைக்குப் பெயர்பெற்றது தொயோற்றா நிறுவனம். அதனை வகுத்த தாயிச்சி ஓனோ, அமெரிக்கப் பலசரக்கு அங்காடிகளில், வாங்குவோர் எடுத்த இடத்தை மட்டும் கடைக்காரர் மீண்டும் நிரப்புவதை நினைந்தே அம்முறையை வளர்த்ததாகக் கூறியுள்ளார். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கிச் சில உதிரிப்பாகங்கள் அடியோடு நின்றபின், அந்நிறுவனமே முக்கியமான இலத்திரனியற் சில்லுகளைப் பல மாதங்களுக்கு இருப்பில் வைக்கும்படி வழங்குநரைக் கேட்டுக்கொண்டது. எதை வைப்பது, எவ்வளவு வைப்பது என்று எண்ணி வைப்பது வேறு. பயந்து குவிப்பது வேறு.

அப்படியாயின் செய்தியை எங்ஙனம் ஒழுங்குபடுத்துவது? இத்தாலியில் பார்மா நகரத்துப் பரில்லா நிறுவனத்தார் செய்ததை நோக்குக. நமக்குச் சோறுபோல் இத்தாலியருக்குப் பாஸ்தா. ஒரு வாரம் மலையளவும் மறுவாரம் கடுகளவும் உண்ணும் பண்டமன்று. இருந்தும் விநியோகஸ்தரின் கட்டளைகள் தாறுமாறாக வந்தன. 1980களின் பிற்பகுதியில் நிறுவனத்தார் ஒரு யோசனை கூறினர். நீங்கள் எங்களுக்குக் கட்டளையிட வேண்டாம். நாள்தோறும் என்ன விற்றது, என்ன இருக்கின்றது என்று மட்டும் சொல்லுங்கள். எவ்வளவு அனுப்புவதென்பதை நாங்கள் தீர்மானிக்கிறோம் என்றனர். விநியோகஸ்தர் வெகுண்டனர். தம் கிட்டங்கியின் இரகசியத்தைப் பிறர்க்குக் காட்ட எவர் விரும்புவார்? பரில்லாவின் விற்பனையாளருங்கூடத் தம் வேலைக்கு ஆபத்தென்று முரண்டனர். ஆகவே நிறுவனம் முதலில் தன் சொந்தக் களஞ்சியங்களிற் செய்து காட்டி, அதன் பின்னரே வெளியாரை இணங்கவைத்தது. கையிருப்பும் குறைந்தது, 'இல்லை' என்று சொல்லும் நாட்களும் குறைந்தன. இரண்டும் ஒருங்கே குறையும் என்று முன்னர் சொல்லியிருந்தால் வியாபாரிகள் நகைத்திருப்பர்.

நமது பட்டணத்து வியாபாரிகளிடமும் கணக்குக் கொப்பியைக் காட்டும் வழக்கம் கிடையாது. ஆயினும் என் மாணவர் துணிந்தார். அவருடைய கொப்பியில் இப்போது மூன்று நிரல்கள் உள்ளன: இன்று விற்றது, தட்டில் இருப்பது, கேட்டும் இன்னும் வராதது. 'கேட்டும் கொடுக்க முடியாதது' என்று நான்காவதாக ஒன்றையும் அண்மையிற் சேர்த்திருக்கிறார். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பக்கத்தைத் தொலைபேசியிற் படம்பிடித்து மொத்த வியாபாரிக்கு அனுப்புகிறார். இதை ஏன் எனக்கு அனுப்புகிறீர் என்று முதலிற் சினந்த அவ்வியாபாரி, நான்கு மாதம் கழித்து, மற்றக் கடைக்காரரும் இப்படி எழுதுவார்களா என்று கேட்டாராம்.

தாயாரின் சங்கிலி 2024ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முன் மீட்கப்பட்டது. விளக்குகளிற் சில இன்னும் கடையின் மேற்றட்டில் இருக்கின்றன. ஒன்றை நான் வாங்கிவந்தேன். மின்கலம் சற்றுப் பலவீனப்பட்டிருக்கின்றது. ஆனாலும் விடைத்தாள் திருத்தும் இரவுகளில் ஒன்றரை மணித்தியாலம் எரிகின்றது.