குறுகிய மதகு எது? வீட்டுக் கணினியையும் இணையத்தையும் விரைவாக்கும் வழி

வீட்டுக் கணினியின் வேகத்தை அதிலுள்ள மிகச் சிறந்த உறுப்பு தீர்மானிப்பதில்லை. மிக மெதுவான உறுப்பே தீர்மானிக்கிறது. ஏரி மாவட்டம் எனப் பெயர் பெற்ற செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்து உழவர்களுக்கு இது பழகிய கணக்கு. ஏரி தளும்பி நின்றாலும், கடைமடை வயலுக்கு எவ்வளவு நீர் போகும் என்பது வழியில் இருக்கும் மிகக் குறுகிய மதகைப் பொறுத்தது. அந்த மதகை விட்டுவிட்டு வேறெங்கே வாய்க்காலை அகலப்படுத்தினாலும் வயலுக்குக் கூடுதலாக ஒரு குடம் நீர் வராது. ஆகவே காசு செலவழிப்பதற்கு முன் குறுகிய மதகு எது என்று கண்டுகொள்ள வேண்டும்.

கணினிக்கு என்ன வேலை வைக்கப்படுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கோலத்தைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டைகளின் டிசைன் முன்பு கட்டத்தாளில் கையால் வரையப்பட்டது. இன்று பரவலாகக் கணினியில் வரையப்படுகிறது. அப்படிக் கையால் வரைந்த பழைய ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 3.5 கோடி புள்ளிகள் கிடைக்கும். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் என்றால், அந்த ஒரு தாளுக்கே ஏறத்தாழ 104 மெகாபைட் வேண்டும். முந்தி, கரை, உடல் என்று அடுக்கடுக்காக வைத்து வேலை செய்யும்போது இது பல மடங்காகும். அந்தப் படத்தை வட்டிலிருந்து எடுக்க வேண்டும், நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும், இணையத்தில் அனுப்ப வேண்டும். இந்த மூன்று இடங்களிலும் அடைப்பு ஏற்படலாம்.

அளந்து பார்த்தல்

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லினக்ஸில் இதே வேலையைச் சிஸ்டம் மானிட்டர் செய்கிறது. கணினி திணறும் அதே நேரத்தில் இதைத் திறந்து பார்க்க வேண்டும்; சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை. வட்டின் பயன்பாடு 100 விழுக்காட்டிலேயே நின்றால் அடைப்பு சேமிப்பகத்தில் இருக்கிறது. நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டினால் ரேம் போதவில்லை. இரண்டும் அமைதியாக இருந்து பிராசசர் மட்டும் உச்சத்தில் நின்றால், ஏதோ ஒரு மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பிராசசரே வேலைக்குப் போதாது.

சேமிப்பகம்

பழைய கணினிகளில் பெரும்பாலும் அடைபடும் இடம் ஹார்டு டிஸ்க்தான். மடிக்கணினியில் இருக்கும் வட்டு வழக்கமாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகும். வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகரும் நேரம் தனி. ஆகவே வட்டில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறைகூட எடுக்க முடியாது. கணினி தொடங்கும்போது இப்படிப்பட்ட கோப்புகள் ஆயிரக்கணக்கில் தேவைப்படுவதால்தான் நிமிடக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது.

ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றாக வரும் எஸ்எஸ்டியில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. தகவல் மின்சுற்றுகளில் தங்குகிறது. சாதாரண எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல்லாயிரம் கோப்புத் துண்டுகளை எடுத்துத் தரும். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய கணினிகளில் இருப்பது சுழலும் வட்டுதான். பிராசசர் நல்ல நிலையில் உள்ள அத்தகைய கணினிக்கு எஸ்எஸ்டி மாற்றுவதே முதலில் செய்ய வேண்டிய மாற்றம். மாற்றிய பின் அதில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தையாவது காலியாக விட வேண்டும். சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கச் சுழலும் வட்டுக்குச் செய்யும் டிஃப்ராக் எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை. அது தேய்மானத்தையே கூட்டும்.

நினைவகம்

ரேம் என்பது வேலை செய்யும் மேசை போன்றது. மேசை நிறைந்துவிட்டால் கணினி சிலவற்றை எடுத்து வட்டில் வைத்துவிட்டு, வேண்டும்போது மீண்டும் கொண்டுவரும். இந்தப் போக்குவரத்துத்தான் திணறலாக வெளிப்படுகிறது. இணையம் பார்க்கவும் ஆன்லைன் வகுப்பில் சேரவும் 8 ஜிபி போதும். டிசைன் வேலைக்கு 16 ஜிபி வசதியாக இருக்கும். டிடிஆர்3 வகை ரேம் டிடிஆர்4 வகைக்கான பள்ளத்தில் பொருந்தாது. சில மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே கூட்ட வழியில்லை. ஆகவே வாங்கும் முன் மாடலைச் சரிபார்க்க வேண்டும்.

காசில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. கணினி தொடங்கும்போதே தானாகத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல் டாஸ்க் மேனேஜரில் இருக்கிறது. பிரின்டர் உதவியாளர், அப்டேட் காவலர், அரட்டைச் செயலி போன்றவற்றுள் தேவையற்றதை நிறுத்தலாம். பிரவுசரில் சேர்த்த நீட்சிகளையும் இப்படியே குறைக்கலாம். இரண்டு ஆன்டிவைரஸ் ஒருசேர ஓடினால் ஒவ்வொரு கோப்பும் இரு முறை சோதிக்கப்படும், ஒன்றே போதும். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவாக்குவதாகவும் ரேமைப் பெருக்குவதாகவும் சொல்லும் மென்பொருள்கள் வேகத்தைக் கூட்டுவதில்லை. பல வேளை விளம்பரத்தையும் வைரஸையும் சேர்த்தே கொண்டுவருகின்றன.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்காத கணினியை லினக்ஸுக்கு மாற்றினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்கக்கூடியது. ஆனால் வீட்டில் பயன்படும் டிசைன் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. எந்த மாற்றத்துக்கும் முன்னால் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வைப்பது கட்டாயம்.

வெப்பம், தூசு, மின்சாரம்

சித்திரை வெயிலில் காஞ்சிபுரம் பகுதியில் வெப்பம் 40 டிகிரியை எட்டும். பிராசசர் தாங்க முடியாத சூட்டை அடைந்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் விரைவாகவும் பிற்பகலில் மந்தமாகவும் ஓடும் கணினியில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தறி ஓடும் வீட்டில் நூல்தூசு விசிறியிலும் அதன் பின்னுள்ள தகடுகளிலும் பாய்போல் படியும். ஆண்டுக்கு இரு முறை, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, விசிறி சுற்றாமல் பிடித்துக்கொண்டு காற்றூதியால் ஊதிவிட வேண்டும். பல ஆண்டுப் பழைய கணினியில் பிராசசர் மேல் தடவிய வெப்பப்பசை காய்ந்திருக்கும், அதையும் புதுப்பிக்கலாம். மெத்தைமேல் வைக்கும் மடிக்கணினியின் காற்றுத்துளை அடைபடும். மின்சாரம் சட்டென்று போனால் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு கெடும் என்பதால் யூபிஎஸ் அவசியம்; சரியான எர்த் இணைப்பும் வேண்டும்.

வீட்டுக்குள் இணையம்

இணைய வேகம் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவு மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொது இணையச் சேவை தொடங்கியபோது டயல்-அப் வேகம் 9.6 கிலோபிட். மேலே கண்ட 104 மெகாபைட் படத்தை அதில் அனுப்ப ஒரு முழுநாள் ஆகியிருக்கும். 10 மெகாபிட் பதிவேற்ற வேகம் இருந்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும். பல திட்டங்களில் பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவு. கோப்பு அனுப்பும் தொழில் செய்பவர் அந்த எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கும் அளப்பதே முதல் வேலை. கணினியை ரூட்டரோடு கேபிளால் இணைத்து வேகத்தைப் பார்த்து, பிறகு வழக்கமான இடத்தில் வைஃபையில் பார்க்க வேண்டும். கேபிளில் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. கேபிளிலேயே குறைந்தால் சேவை நிறுவனத்தை அழைக்கலாம்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைக் கடந்து தொலைவு போகும்; ஆனால் அக்கம்பக்கத்து ரூட்டர்களும் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இயங்குகின்றன. இதில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களே ஒன்றன்மேல் ஒன்று படாதவை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைந்தது. ஆனால் கனத்த சுவரில் எளிதில் தளரும். பழைய செங்கல் வீட்டின் தடித்த சுவர், இரும்பு பீரோ, கான்கிரீட் தளம் மூன்றும் அலையைத் தடுப்பவை. ஆகவே ரூட்டரை வாசல் மூலையிலோ பீரோவின் பின்னாலோ வைக்காமல், வீட்டின் நடுவில் ஆளுயரத்தில் வைப்பது நல்லது. நகராத கணினிக்குக் கேபிளே சிறந்தது. கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் கொண்டுபோகும். அதன் எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டும் இணைக்கப்பட்டிருந்தால் வேகம் 100 மெகாபிட்டில் நின்றுவிடும்.

வரிசையும் தொலைவும்

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. மூன்றிலும் ஒரே சமயத்தில் வெள்ளம் வந்து, கூடலுக்குக் கீழே ஆறு குறுகியிருந்தால் நீர் மூன்றிலும் தேங்கும். வீட்டு இணைப்பிலும் இதுவே நிகழ்கிறது. ஒருவர் பெரிய கோப்பை அனுப்பும்போது அதன் துண்டுகள் ரூட்டரில் நீண்ட வரிசையாக நிற்கும். பக்கத்து அறையில் ஓடும் ஆன்லைன் வகுப்பின் குரலும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கும். வேகச் சோதனையில் நல்ல எண் வந்தும் அழைப்பு விட்டுவிட்டுக் கேட்பதன் காரணம் இதுதான். எந்தத் தரவு முன்னே போக வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் ரூட்டரின் க்யூஓஎஸ் அமைப்பில் பதிவேற்ற வரம்பை உண்மையான வேகத்தைவிடச் சுமார் 10 விழுக்காடு குறைத்து வைத்தால் வரிசை நீளாது, குரலும் தெளியும்.

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் சேவை. அதை விரைவான ஒன்றுக்கு மாற்றினால் பக்கம் திறக்கத் தொடங்கும் கணம் மட்டும் குறையும். பதிவிறக்க வேகம் கூடாது.

எந்தச் சீரமைப்பாலும் குறைக்க முடியாதது தொலைவு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையையும் சிங்கப்பூரையும் 2002இல் இணைத்த ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி ஆகியே தீரும். சென்னையிலேயே நகல் வைத்திருக்கும் தளம் விரைவாகத் திறப்பதும், அமெரிக்காவில் உள்ள தளம் சற்றுத் தாமதிப்பதும் இதனால்தான். கணினி, வைஃபை, வரிசை மூன்றும் சீரான பிறகு எஞ்சும் தாமதம் அந்தத் தொலைவினுடையது. அதற்காகப் புதிய கருவி வாங்க வேண்டியதில்லை.