பைன் பலகை: கடையில் எங்கே ஆகும், எங்கே ஆகாது?

தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் வட்டாரத்தில் புதிதாகக் கடை வைப்போர் பலர் பைன் பலகையில் தட்டு அடித்துக்கொள்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களும் உதிரி பாகங்களும் வந்திறங்கும் மரப்பெட்டிகள், பேலட்டுகள் பிரிக்கப்பட்டுப் பழைய மரக்கடைகளுக்கு வருகின்றன. தேக்கை விட விலை குறைவு. ஆனால் மலிவு என்பதற்காக எல்லா இடத்திலும் இதையே போட்டால், மரத்தில் மிச்சம் பிடித்ததைச் சரக்கில் இழக்க நேரிடும்.

பைன், ஊசியிலை மர வகையைச் சேர்ந்தது. நம் நாட்டில் இமயமலைச் சரிவுகளில் வளர்கிறது. நியூசிலாந்தில் தோட்டம் போட்டு வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள். காய்ந்த பைன் கன அடிக்குச் சுமார் 14 கிலோ. தேக்கு சுமார் 18 கிலோ. எடை குறைவு என்பதால் அறுக்கவும் இழைக்கவும் சுலபம். ஆனால் பலகையின் ஓரத்தில் ஆணி அடித்தால் பிளக்கும். துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குவதே நல்லது. நடுவில் பெரிய கணு உள்ள பலகை அந்த இடத்தில்தான் முறியும். பாரம் ஏற்றும் தட்டுக்கு அதைத் தள்ளிவிட வேண்டும்.

சோப்பு, பிஸ்கட், தீப்பெட்டி வைக்கும் தட்டுகளுக்குப் பைன் தாராளமாகப் போதும். பருப்பு, சர்க்கரை வைப்பதானால் இரண்டு அடிக்கு ஒரு தாங்குகட்டை கொடுக்கவும். எண்ணெய் டின் வைக்கும் இடத்துக்கு வேண்டாம். சிந்திய எண்ணெயை மரம் குடித்துவிடும். பிறகு சிக்கு வாடை போகாது.

பேலட்டில் கோதுமைக் கதிர் போன்ற சின்னத்துடன் ஒரு முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்றிருந்தால், மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை காட்டியது. உணவுப் பொருள் வைக்க அதைத் தவிர்க்கவும். ரசாயனக் கறை, வாடை உள்ள பலகையும் ஆகாது.

இங்கே பலர் ஏமாறுவது ஒன்று உண்டு. எச்.டி. முத்திரை, அப்போது உள்ளே இருந்த பூச்சிக்கு மட்டும்தான். பின்னால் ஏறும் கரையானை அது தடுக்காது. பைனில் தேக்கைப் போல் வைரம் பாய்ந்த உறுதி கிடையாது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், கரையான் விரும்பித் தின்னும்.

அரிசிச் சிப்பங்களைத் தரையில் வைக்காமல் கட்டை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குவது நமது பழைய வழக்கம். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதையே சொல்கின்றன. அந்தக் கட்டை பைனாக இருந்தால் அடியில் செங்கல் கொடுத்து, மாதம் ஒருமுறை சிப்பங்களை நகர்த்திப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான பகுதிகளில் கீழ்த்தளத்துக்கு இரும்பு ஸ்டாண்டு அல்லது பிளாஸ்டிக் பேலட்டே ஏற்றது. பைன் பலகையைச் சுவரில் உயரமான தட்டுகளுக்கு வைத்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும்.