உடலுக்கு ஏற்ற வண்டி: இணைப்புச் சக்கரம் பொருத்திய பழைய ஸ்கூட்டரை வாங்குமுன்

எங்கள் மறுவாழ்வுப் பிரிவுக்கு வருபவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “மீண்டும் நடப்பேனா?” என்பதாகும். சில மாதங்கள் கழிந்தபின் வேறொரு கேள்வி எழுகிறது: “வண்டி ஓட்டலாமா?” முதற்கேள்வியை எல்லோர் முன்னிலையிலும் கேட்பவர்கள், இரண்டாவதைத் தயங்கித் தயங்கி, பெரும்பாலும் வீட்டார் அருகில் இல்லாத வேளையில் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பிறரை எதிர்பாராமல் கடைக்கும் வேலைக்கும் கோயிலுக்கும் சென்றுவர வேண்டும் என்னும் விருப்பம் அக்கேள்விக்குள் இருக்கிறது. அது நியாயமான விருப்பம். பலருக்கு அது நிறைவேறக்கூடியதும் ஆகும்.

ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு புண்.

தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்ட ஒருவர், எங்களிடம் பல மாதங்கள் பயிற்சி பெற்று வீடு திரும்பினார். இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் இல்லை. கைகளின் வலு குறையவில்லை. அவருடைய தம்பி, இணைப்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பழைய ஸ்கூட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அண்ணனிடம் சொல்லாமலே வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். வீடே மகிழ்ந்தது. மூன்றாம் வாரத்தில், குளிப்பாட்டும்போது அவருடைய வலக்காலின் ஆடுசதையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்திருப்பதை மனைவி கண்டார். வண்டியிலிருந்து வலப்பக்கமாக இறங்கியபோது, கால் சில நொடிகள் சூடான சைலன்சரில் சாய்ந்திருந்திருக்கிறது. உணர்ச்சியற்ற காலுக்கு அது தெரியவில்லை. அந்தப் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. அத்தனை நாளும் வண்டி ஓட்டுவது மட்டுமன்றி, நாற்காலியில் நெடுநேரம் அமர்வதும் அவருக்கு இயலாமற்போயிற்று.

தம்பியின் அன்பில் குறையில்லை. குறை எங்களிடம் இருந்தது. படுக்கைப் புண் பற்றியும் சிறுநீர்க் குழாய் பற்றியும் விரிவாகச் சொல்லியனுப்பிய நாங்கள், வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறோம்.

இந்த வண்டியின் இயல்பு

வெளிநாடுகளில் பெரிய சுற்றுலா மோட்டார் சைக்கிள்களை மூன்று சக்கர வண்டிகளாக மாற்றும்போது, பின்சக்கரத்தை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் ஓர் அச்சும் இரு சக்கரங்களும் பொருத்துவது வழக்கம். நம் ஊரில் பரவலாகக் காணப்படுவது வேறு அமைப்பு. கியர் இல்லாத ஸ்கூட்டரின் பின்சக்கரம் அப்படியே இருக்கும்; அதன் இருபுறமும் இரும்புச் சட்டத்தின்மேல் ஒவ்வொரு சக்கரம் இணைக்கப்படும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் முறுக்குவதும் பிரேக் பிடிப்பதும் கைகளாலேயே நடைபெறுவதால், கால்வலு இழந்தவர்க்கு அது பொருந்துகிறது.

இவ்வண்டியை இழுத்துச் செல்வது நடுவிலுள்ள பழைய பின்சக்கரமே. பக்கச் சக்கரங்கள் தாங்குவதற்கு மட்டும் உரியவை. இணைப்புச் சட்டம் விறைப்பாக அமைந்துவிட்டால், பள்ளமான இடத்தில் பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் நிற்க, நடுச்சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுழலும். அப்போது வண்டி நகராது. பின்பிரேக்கும் சரிவரப் பிடிக்காது. ஆகவே பக்கச் சக்கரங்களுக்குத் தனித்தனி ஷாக் அப்சார்பர் இருப்பது அவசியம். ஓட்டுபவர் அமர்ந்த நிலையில் நடுச்சக்கரம் தரையை நன்கு அழுத்த வேண்டும்.

முதலில் மருத்துவர், பிறகே வண்டி

வண்டி தேடுவதற்கு முன்பே எங்களிடம் வாருங்கள். கைப்பிடியின் வலு, இடுப்பின் சமநிலை, பார்வை, கவனம் ஆகிய நான்கையும் நாங்கள் சோதிப்போம்.

பக்கவாதத்திற்குப் பின் கை கால் தேறியிருந்தாலும், பார்வையின் ஒரு பாதி மறைந்திருக்கலாம். ஒரு பக்கத்தைக் கவனியாமல் விடும் தன்மையும் சிலரிடம் தங்கிவிடும். இதை நோயாளி தாமாக உணர்வது அரிது. வலிப்பு வந்தவர்கள், மருத்துவர் அனுமதிக்கும்வரை எந்த வாகனத்தையும் ஓட்டலாகாது. நீரிழிவால் காலை இழந்தவர்கள் கண்ணின் விழித்திரையையும் சோதித்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் செலுத்திக்கொள்பவர்கள் புறப்படுமுன் சர்க்கரை அளவைப் பார்ப்பதும், எட்டும் இடத்தில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருப்பதும் நன்று.

பழைய வண்டியைப் பார்க்கும்போது

ஓட்டப்போகிறவரையே அழைத்துச் செல்லுங்கள். அவர் தம் சக்கர நாற்காலியிலிருந்தோ ஊன்றுகோல்களிலிருந்தோ இருக்கைக்கு மாறி, அமர்ந்து, மீண்டும் இறங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டா. இருக்கை மிக உயரமாக இருந்தால் தினமும் தோள்களே அதற்கு விலை கொடுக்கும். சக்கர நாற்காலியில் வாழ்பவர்க்குத் தோள்களே கால்கள்.

வண்டியின் பின்னால் சில அடி தள்ளி நின்று பாருங்கள். முன்சக்கரமும் நடுச்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லையெனில், அடிச்சட்டம் விபத்தில் வளைந்திருக்கலாம். பின்பு குனிந்து, இணைப்புச் சட்டம் சேருமிடங்களைக் கவனியுங்கள். வெல்டிங் ஓரங்களில் மயிரிழை போன்ற விரிசல், துருவை மறைக்கப் பூசிய புதுப் பெயின்ட் ஆகிய இரண்டும் எச்சரிக்கைக் குறிகள். பக்கச் சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கும். டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் நேராகப் பொருத்தப்படவில்லை என்று கொள்க.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது செல்ஃப் ஸ்டார்ட் முதல் முயற்சியிலேயே வேலை செய்கிறதா எனப் பாருங்கள். “பேட்டரி கொஞ்சம் வீக், உதைத்தால் கிளம்பிவிடும்” என்று விற்பவர் சொல்வது மற்றவர்க்குச் சிறு குறை. உதைக்க இயலாதவர்க்கோ அது நடுவழியில் நிற்க வைக்கும் பெருங்குறை. நின்ற இடத்தில் பின்பிரேக்கைப் பூட்டிவைக்கும் வசதி பல ஸ்கூட்டர்களின் இடக்கைப் பிடியில் உண்டு. ஏறி இறங்கும்போது வண்டி நகராதிருக்க அது இன்றியமையாதது. 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான 125 சிசி வரையிலான வண்டிகளில், ஒரே பிடியால் இரு பிரேக்குகளும் இயங்கும் அமைப்போ, அதனினும் மேம்பட்ட ஏபிஎஸ் அமைப்போ இருக்கும். ஒரு கையில் வலு குறைந்தவர்க்கு இத்தகைய வண்டி ஏற்றது.

பட்டறையில் செய்ய வேண்டியவை

வண்டியை வாங்கியபின், இச்சட்டங்களை முன்பே பொருத்திப் பழகிய பட்டறையை நாடுங்கள். இயன்றால் எங்கள் இயன்முறை மருத்துவர் எழுதித்தரும் குறிப்பையும் கொண்டுசெல்லுங்கள். உணர்ச்சி குறைந்த கால் உடையவர்க்கு நாங்கள் முதலில் எழுதுவது, சைலன்சருக்கு மேல் வெப்பத் தடுப்புத் தகடு. பெரும்பாலான ஸ்கூட்டர்களில் சைலன்சர் வலப்பக்கம் இருப்பதால், இடப்பக்கமாக ஏறி இறங்கப் பழகுவதும் நல்லது.

இரண்டாவது, கால் வைக்கும் தளத்தின் ஓரங்களில் உயர்ந்த தடுப்பு. உணர்வில்லாத பாதம் தளத்திலிருந்து நழுவிச் சாலையில் உராய்ந்தாலும் ஓட்டுபவர்க்குத் தெரியாது. தளத்தோடு பாதத்தை இறுகக் கட்டிவைப்பதை நாங்கள் ஏற்பதில்லை. வண்டி கவிழ்ந்தால் கால் சிக்கிக்கொள்ளும். மூடிய காலணி எப்போதும் வேண்டும்.

மூன்றாவது, முதுகைத் தாங்கும் சாய்மானமும் நல்ல மெத்தையும். வண்டியின் இருக்கை எவ்வளவு மென்மையாகத் தோன்றினாலும், அது படுக்கைப் புண்ணைத் தடுக்க அமைக்கப்பட்டதன்று. சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடலை உயர்த்தச் சொல்கிறோமே, அவ்விதி வண்டியிலும் பொருந்தும். ஓரமாக நிறுத்திவிட்டே அதைச் செய்ய வேண்டும்.

நான்காவது, பின்னோக்கிச் செல்லும் வசதி. காலால் உந்திப் பின்னே தள்ள இயலாதவர், சுவரை நோக்கி வண்டியை நிறுத்திவிட்டால் பிறர் வரும்வரை காத்திருக்க நேரும். ரிவர்ஸ் கியர் பொருத்தும் பட்டறைகள் உள்ளன. ஊன்றுகோலுக்கு ஒரு பிடியும், மடக்கும் சக்கர நாற்காலிக்குப் பின்புறம் ஒரு தாங்கியும் இருந்தால், போய்ச் சேர்ந்த இடத்திலும் அவர் தாமே நடமாட முடியும்.

ஆவணங்கள்

பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒப்பிடுங்கள். வண்டியின் பேரில் தவணைக் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்கான சான்றும் படிவம் 35-உம் பெற்றாக வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையொப்பம் வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதற்பதிவு 15 ஆண்டுகளுக்கு உரியது. அதை நெருங்கும் வண்டி மலிவாகக் கிடைத்தாலும், புதுப்பிக்கும் செலவையும் கணக்கிடுங்கள்.

இணைப்புச் சக்கரம் பொருத்திய செய்தி பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்பது முக்கியம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், முன்பு வழங்கிய பழைய பெயரை நீக்கி, இதனை ‘மாற்றியமைக்கப்பட்ட வாகனம்’ என்று குறிப்பிடுகிறது. அம்மாற்றம் பதிவாகவில்லை என்றால், விபத்தின்போது காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் எழக்கூடும். அதுபோலவே, காயத்துக்கு முன் பெற்ற ஓட்டுநர் உரிமம் கையில் இருப்பது மட்டும் போதாது. இவ்வகை வாகனத்துக்கு உரிய உரிமம் பெற வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளில் தகுதியுடையோர்க்குத் தமிழ்நாடு அரசு இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை விலையின்றி வழங்குகிறது. கடன் வாங்கிப் பழைய வண்டி வாங்குவதற்கு முன், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள்.

சாலையில் முதல் நாட்கள்

முன்பு இருசக்கர வண்டி நன்றாக ஓட்டியவர்களே இதில் முதலில் தடுமாறுகிறார்கள். இருசக்கர வண்டி திருப்பத்தில் சாயும், இது சாயாது. வேகமாகத் திரும்பினால் உடல் வெளிப்புறம் வீசப்படும். உட்புறச் சக்கரம் தரையை விட்டு எழும். திரும்பியபின் அன்று, திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். சாலையின் ஓரச் சரிவு வண்டியை இடப்பக்கம் இழுக்கும். வண்டியின் அகலத்தை மறந்து இடுக்கில் நுழையலாகாது. வேகத்தடையை நேராகவே கடக்க வேண்டும். சாய்வாக ஏறினால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் உயர்ந்து வண்டி ஆடும்.

வெறுமையான மைதானத்தில் இரண்டு வாரமாவது பழகியபின் சாலைக்கு வாருங்கள். தலைக்கவசம் அணியுங்கள். நீண்ட பயணத்தைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள். தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவர்களின் உடல் வியர்த்துக் குளிர்வதில்லை, வெயில் அவர்களை விரைவில் தாக்கும். சிறுநீர்ப் பையைப் புறப்படுமுன் காலி செய்யுங்கள். வீடு திரும்பியதும் கால்களையும் புட்டத்தையும் கண்ணாடி கொண்டோ, வீட்டார் துணையோடோ தினமும் பார்த்துவிடுங்கள். உணர்வு சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும்.

மீண்டும் அந்த வாசல்

புண் ஆறியபின் அவரும் தம்பியும் அதே வண்டியோடு எங்களிடம் வந்தார்கள். தம்பி அதை விற்றுவிடவே எண்ணியிருந்தார். “அண்ணே, மறுபடி ஏதாவது ஆனால் என்னால் தாங்க முடியாது” என்றார். “வண்டி மேல் தப்பில்லை தம்பி. என்னைக் கேட்டிருந்தால் நானே உட்கார்ந்து பார்த்துச் சொல்லியிருப்பேன்” என்றார் அண்ணன். தம்பி தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அன்று அவரை எங்கள் முற்றத்தில் பலமுறை ஏறி இறங்கச் செய்து, வேண்டிய மாற்றங்களை அவர் சொல்லச் சொல்லவே எழுதினோம். தகடு, தடுப்பு, சாய்மானம், நாற்காலித் தாங்கி ஆகிய நான்கையும் பட்டறையில் பொருத்தினார்கள். இப்போது மகளைப் பள்ளியில் விட்டுவருபவர் அவரே. மாதாந்திரச் சோதனைக்கும் தாமே ஓட்டி வருகிறார். முதல் வேலையாகக் கால்களைக் காட்டுகிறார். இதுவரை புதுப் புண் இல்லை.

வீட்டார்க்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. அவருக்கு வண்டி வாங்கித் தருவது பேருதவி. அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அவருக்கே தருவது அதனினும் பெரிய உதவி. முன்பணம் கொடுப்பதற்கு முன் மறுவாழ்வுப் பிரிவுக்கு ஒருமுறை வாருங்கள். ஓட்டப்போகிறவரையும் உடன் அழைத்து வாருங்கள்.