வாயில்லா ஜீவனுக்கும் வீட்டுப் பலகாரம்

எங்கள் வீட்டு டாமி பொமரேனியன் ஜாதி. ஆறு கிலோ எடை, வெள்ளை வெளேரென்று பஞ்சுப் பொதி மாதிரி இருப்பான். மாமனார் காலமான பிறகு என் அத்தை (மாமியாரைச் சொல்கிறேன்) ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்கு எங்களோடு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் காலேஜ், அவர் ஆபீஸ், நான் அடுப்படி என்று இருக்க, பகல் முழுக்க அத்தைக்குத் துணை டாமிதான். அத்தை தட்டின் முன்னால் உட்கார்ந்தால் அவனும் வந்து உட்கார்ந்துவிடுவான்.

டாமிக்குத் தனியாகச் சாப்பாடு உண்டு. ஆனாலும் தன் கையால் ஒரு வாய் கொடுக்காவிட்டால் அத்தைக்குச் சோறு இறங்காது. "வாயில்லா சீவன், பாத்துக்கிட்டே இருக்கும்போது நாம மட்டும் திங்கலாமாம்மா?" என்பார்கள். நானும் தடுக்கவில்லை. வயசானவர்களின் ஆசை, ஒரு கவளத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

நான் கவனிக்காத விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் வாரத்தில் நாலு நாள் சின்ன வெங்காயச் சாம்பார். அத்தைக்குப் பல் இல்லை. வெங்காயத்தை மெல்ல முடியாமல் தட்டின் ஓரமாக ஒதுக்கி, அத்தனையையும் சோற்றோடு பிசைந்து டாமிக்குப் போட்டிருக்கிறார்கள். இது இரண்டு மாதம் நடந்திருக்கிறது.

ஒரு நாள் காலையில் டாமி எழுந்திருக்கவில்லை. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போயிற்று. அள்ளிப் போட்டுக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா முதலில் உண்ணிக் காய்ச்சலோ என்று சந்தேகப்பட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். அது இல்லை. "எலி மருந்து ஏதாவது தின்றதா?" என்றார். அதுவும் இல்லை. பிறகுதான், "வெங்காயம், பூண்டு கொடுப்பீர்களா?" என்று கேட்டார். நான் "இல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற அத்தையின் முகம் மாறிப் போயிற்று.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சத்து நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுகிறதாம். சமைத்தாலும் பொடி செய்தாலும் அந்தக் குணம் போகாது. நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனாலே கெடுதல் தெரியும் என்றார். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் கொடுத்தாலும் அதே கதிதான். பூனைக்கு இன்னும் மோசம், கிலோவுக்கு 5 கிராமே போதும்.

டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரத்தம் இன்னும் குறைந்தால் வேறொரு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டி வரும் என்றார்கள். கடவுள் புண்ணியத்தில் அதுவரை போகவில்லை. மூன்று வாரத்தில் டாமி தேறிவிட்டான்.

தேறாதது அத்தைதான். "நானே என் கையால விஷத்த ஊட்டிட்டேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அதற்கப்புறம் டாமிக்கு ஒரு பருக்கை கொடுக்கவும் பயம். அவனோ வழக்கம்போல் தட்டின் முன்னால் வந்து உட்கார்ந்து முகத்தையே பார்ப்பான். அத்தை தட்டைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய் அரைவயிறு சாப்பிடுவார்கள். இரண்டு பேரையும் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை பயமில்லாமல் தன் கையால் கொடுக்கும்படி ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. டாக்டரம்மாவைக் கேட்டுக் கேட்டு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாய்க்குத் தனியாகப் பிஸ்கட் செய்வது புதிய நாகரிகம் ஒன்றுமில்லை. 1860 வாக்கிலேயே ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் லண்டனில் கோதுமை, காய்கறி, மாமிசம் சேர்த்து நாய்ப் பிஸ்கட் செய்து விற்றிருக்கிறார். நாம் அதையே நம் வீட்டு மாவில் செய்கிறோம், அவ்வளவுதான்.

கேழ்வரகுப் பிஸ்கட்

கேழ்வரகு மாவு ஒரு கப், கோதுமை மாவு ஒரு கப், வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி அல்லது கேரட் அரை கப், முட்டை ஒன்று. உப்பு, சர்க்கரை, வெல்லம், சோடா எதுவும் கிடையாது. முட்டை சேர்க்காத வீடுகளில் பூசணியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் சேர்த்துக் கெட்டியாகப் பிசையுங்கள். பூசணியில் உள்ள ஈரமே பெரும்பாலும் போதும், வேண்டுமானால் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். சப்பாத்தியைவிடக் கனமாக இட்டு, மருந்துப் பாட்டில் மூடியால் வெட்டினால் நூறு துண்டு வரை வரும். ஓவன் இருந்தால் 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிஷம். ஓவன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பழைய குக்கரில் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் ஒரு அங்குலம் உப்பு பரப்பி, அதன் மேல் தாங்கி வைத்துப் பத்து நிமிஷம் மூடிச் சூடாக்குங்கள். பிறகு தட்டில் பிஸ்கட்டை அடுக்கி உள்ளே வைத்துச் சிறு தீயில் அரை மணி. நன்றாக ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். ஈரம் இல்லாமல் எடுத்தால் டப்பாவில் ஒரு வாரம் இருக்கும்.

கோதுமை சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கும். அதற்குப் பதில் அரிசி மாவு போடுங்கள்.

சர்க்கரைவள்ளி வற்றல்

இது அத்தையின் கைவண்ணம். கிழங்கை ஆவியில் அரை வேக்காடாக வேகவைத்துத் தோலுரித்து, கால் அங்குலக் கனத்தில் நீளவாக்கில் நறுக்கி, மொட்டை மாடியில் வெள்ளைத் துணி போட்டு மூடி இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். கடைசியில் வெறும் தோசைக்கல்லில் போட்டு ஈரத்தை வாங்கிவிடுங்கள். நாம் போடும் வற்றல் மாதிரியேதான், உப்பு மட்டும் கிடையாது. டாமி ஒரு துண்டை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் மெல்லுவான். பூஞ்சை வாடை வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கோடைக்குத் தயிர்க் கட்டி

புளிக்காத தயிரோடு ஒரு வாழைப்பழத்தை மசித்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் சித்திரை வெயிலுக்கு ஒரு கட்டி அமிர்தம்.

இதெல்லாம் செய்ய நேரமில்லையா? கேரட், பீன்ஸ், வெள்ளரிக்காய், விதை நீக்கிய ஆப்பிள், விதை நீக்கிய தர்பூசணி இவற்றில் ஒரு துண்டு போதும். அசைவம் சமைக்கிற வீட்டில், தோலும் எலும்பும் இல்லாத கோழிக் கறியை உப்பில்லாமல் வேகவைத்து உதிர்த்து, வெறும் வாணலியில் சுருள வதக்கிக் கொடுக்கலாம். பிரிட்ஜில் மூன்று நாளைக்கு மேல் வைக்க வேண்டாம்.

அளவு முக்கியம்

தின்பண்டம் என்பது ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. டாமியைப் போல ஆறு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 கலோரி வேண்டும். அப்படியானால் தின்பண்டத்துக்கு 40 கலோரி. நான் சொன்ன கேழ்வரகுப் பிஸ்கட்டில் நாலு கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடும். புதிதாக ஒன்றைக் கொடுக்கும்போது முதலில் ஒரே துண்டு கொடுத்து இரண்டு நாள் பாருங்கள். சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு உள்ள நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

இவை கூடவே கூடாது

வெங்காயம், பூண்டு என் அனுபவம். மற்றவற்றையும் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

திராட்சை பச்சையானாலும் உலர்ந்ததானாலும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசம், லட்டு, கேசரி எதிலும் அது ஒளிந்திருக்கும், ஜாக்கிரதை. திராட்சையில் உள்ள டார்ட்டாரிக் அமிலம்தான் காரணம் என்று இப்போது கருதுகிறார்கள். நம் புளியிலும் அதுதானே இருக்கிறது! புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் கெட்டதாக 2022-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதனால் சாம்பார், ரசம், புளியோதரை எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் தடை.

சாக்லேட், காப்பி, டீ இருதயத்தைப் படபடக்கச் செய்யும். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் ஸைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி, ஈரலையும் கெடுக்கும். வேகவைத்த எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும். தீபாவளி எண்ணெய்ப் பலகாரம் கணையத்தை வீங்கவைக்கும்.

தப்பித் தவறித் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே விஷமாகும். எதை, எவ்வளவு, எப்போது தின்றது என்று குறித்துக்கொண்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

மற்றச் செல்லங்களுக்கு

பூனைக்கு இனிப்பு என்ற ருசியே தெரியாது. அதற்குப் பிஸ்கட் எதற்கு? மீனை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்துக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. சைவ வீட்டுப் பூனைக்குத் தயிர்ச் சோறு மட்டும் போட்டு வளர்ப்பதும் தவறு. மாமிசத்தில் உள்ள டாரின் சத்து குறைந்தால் பூனையின் இருதயம் பலவீனப்படும் என்று 1987-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

லவ் பேர்ட்ஸுக்குத் தினையோடு முளைகட்டிய பச்சைப்பயறும் கொத்தமல்லித் தழையும் கொடுத்தால் கூண்டே குதூகலமாகும். அவகாடோ பழம் மட்டும் பறவைகளுக்கு விஷம். பச்சைக்கிளிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்காதீர்கள். நம் ஊர்க் கிளியைக் கூண்டில் வைப்பதே 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

மாடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாட்டுப் பொங்கலன்று ஆசையாகப் பொங்கலைப் பானையோடு வைத்துவிடுகிறோம். அரிசிச் சோறு அதிகமானால் மாட்டின் வயிற்றில் அமிலம் சுரந்து உயிருக்கே ஆபத்தாகும். சாஸ்திரத்துக்கு ஒரு கைப்பிடி பொங்கல், வயிறு நிறையப் பசும்புல், இதுதான் சரி.

முதல் தடவை பிஸ்கட் செய்த அன்று டப்பாவை அத்தை கையில் கொடுத்தேன். வாங்கவே மாட்டேன் என்றார்கள். "டாக்டரம்மா சொன்ன கணக்குதான் அத்தை, பயப்படாதீங்க" என்று நான் ஒன்றை எடுத்து என் வாயில் போட்டுக் காட்டினேன். ருசி ஒன்றும் பிரமாதமில்லைதான். அப்புறம்தான் ஒன்றை எடுத்து நடுங்கும் கையால் நீட்டினார்கள். டாமி அதை நோகாமல் வாங்கிக்கொண்டு, அத்தையின் விரலையும் நக்கிவிட்டுப் போனான்.

இப்போது டப்பாவின் சாவி மாதிரி அத்தைதான். காலையில் நாலு பிஸ்கட்டை எண்ணி எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு மறுபடியும் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். தட்டின் ஓரம் ஒதுக்கிய வெங்காயம் நேரே குப்பைக் கூடைக்குப் போகிறது. நாலாவது பிஸ்கட் தீர்ந்த பிறகும் டாமி அசையாமல் உட்கார்ந்திருப்பான்.

"அவ்வளவுதான்டா ராசா, இனி நாளைக்குத்தான்" என்று வெறும் கையை விரித்துக் காட்டுகிறார்கள் அத்தை.