கருவிகள் உரையாடும் முறை

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் விடியுமுன்பே வாணிபம் தொடங்கிவிடுகிறது. தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அந்நகருக்குக் கரமனையாற்று நீர் அருவிக்கரையிலிருந்து வருகிறது. இக்குடிநீர்த் திட்டம் 1933-இல் வைசிராய் வில்லிங்டன் பிரபுவால் தொடங்கிவைக்கப்பட்டது.

நகர நீர்வழங்கலில் பம்பு ஓரிடத்திலும், மேல்நிலைத் தொட்டி வேறோரிடத்திலும் இருப்பது இயல்பு. தொட்டியின் நீர்மட்டத்தை அறிந்தே பம்பை இயக்கவேண்டும். ஆள் பார்த்துச் சொல்லும் இவ்வேலையை இன்று பி.எல்.சி. எனப்படும் ஆட்சிக் கருவி செய்யவல்லது. அமெரிக்காவில் டிக் மார்லியும் அவர் குழுவினரும் 1968-இல் இதன் முன்னோடியை வகுத்தனர். மட்டமானி, மின்மானி, மோட்டார் வேகமாற்றி ஆகியவற்றை வெவ்வேறு நிறுவனங்கள் செய்கின்றன. அவையெல்லாம் ஆட்சிக் கருவியுடன் பேசப் பொதுமொழி ஒன்று வேண்டும். 1979-இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் அத்தகைய மொழியாகும்.

உரையாடல் நிகழும் விதம்

வகுப்பில் வருகை பதியும் ஆசிரியரை இதற்கு ஒப்பிடலாம். அவர் எண்ணைக் கூப்பிடுகிறார். அவ்வெண்ணுக்குரிய மாணவன் மட்டுமே விடையளிக்கிறான். அவ்வாறே ஆட்சிக் கருவி கேட்டாலன்றி மற்றக் கருவிகள் பேசா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 247 வரையுள்ள எண்களுள் ஒன்று முகவரியாகும். ஒரே எண்ணை இரண்டிற்கு இடலாகாது.

மட்டமானியின் முகவரி 5 என்று கொள்ளலாம். ஆட்சிக் கருவி அனுப்பும் வினாவில் 8 பைட்டுகள் உள்ளன: முகவரி 5, ‘படித்துச் சொல்’ எனப் பொருள்படும் கட்டளை எண் 3, எந்தப் பதிவகம் என்பதற்கு 2 பைட்டு, எத்தனை பதிவகங்கள் என்பதற்கு 2, பிழை காணும் சரிபார்ப்பு எண்ணுக்கு 2. விடையில் நீர்மட்டம் 1, 69 என இரு பைட்டுகளாக வருமாயின், முதலாவதை 256-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்ட 325 கிடைக்கும். அதாவது 325 சென்டிமீட்டர். வரிசையை மாற்றிப் படித்தாலோ 17,665 என்ற பொருந்தாத எண் வந்துவிடும்.

இணைப்பில் கவனிக்கவேண்டியவை

ஆர்.எஸ்.-485 என்னும் முறையில் முறுக்கிய இரட்டைக் கம்பி ஏறத்தாழ 1,200 மீட்டர் வரை செய்தியைக் கொண்டுசெல்லும். தூரம் மிகுந்தால் வேகத்தைக் குறைக்கவேண்டும். கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இடுவது வழக்கம். இன்றேல் குறி எதிரொலித்துச் செய்தி குலையும். எல்லாக் கருவிகளிலும் வேகமும் சமநிலைப் பிட்டும் ஒன்றாயிருத்தல் வேண்டும். கையேட்டில் 40001 எனக் காணும் பதிவகம் கம்பியில் 0 என்றே செல்லும் என்பதை அறியாமல் அடுத்த பதிவகத்தைப் படித்து மயங்குவோர் பலர்.

மௌனத்தின் பொருள்

கம்பி அறுந்தால் விடை வராது. அப்போது ஆட்சிக் கருவி கடைசியாக வந்த எண்ணையே நம்பியிருந்தால் தீங்கு விளையும். அவ்வெண் ‘நிறைந்தது’ என்பதாயின் பம்பு ஓடாது. காலையில் கடைத்தெருக் குழாய்கள் வறண்டிருக்கும். ‘குறைவு’ என்பதாயின் தொட்டி வழிந்து நீர் வீணாகும். ஆகவே குறித்த நேரத்துள் விடை வராவிடில் எச்சரிக்கை மணி ஒலிக்கவும், பம்பு பாதுகாப்பான நிலையை அடையவும் நிரலில் வகைசெய்தல் இன்றியமையாதது.

கட்டளையிடுபவர் யாரென்று மோட்பஸ் மூலநெறி கேட்பதில்லை. ஆதலின் அதன் 502-ஆம் எண் வாயிலை இணையத்தில் திறந்துவிடுவது ஆபத்து. இக்குறையை நீக்கும் பாதுகாப்பு நெறி 2018-இல் வெளியாயிற்று. ஆயினும் பழைய கருவிகள் அதனை அறியா. அவற்றைத் தனி வலையில் வைத்துக் காப்பது களப்பணியாளர் கடமையாகும்.