சுண்டெலி சொல்லும் சேதி

குழந்தை இல்லையென்றால் பெண்ணை மட்டுமே குறை கூறுவது எங்கள் ஊர் வழக்கம். ஆணிடமும் குறை இருக்கலாம் என்பதை விலங்கியல் படிக்க வந்த பின்னரே அறிந்தேன். அதனை விளக்கும் ஆய்வு ஒன்றைக் காண்போம்.

ஒரு ஜீனின் பணியை அறிய, அதனைச் செயலிழக்கச் செய்து சுண்டெலியை வளர்த்துப் பார்ப்பர். இம்முறைக்கு வழிவகுத்த கபெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் ஆகிய மூவரும் 2007-இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தின் மசாரு ஒகாபே குழுவினர், விந்தணுவிலுள்ள ஒரு புரதத்தின் ஜீனை இவ்வாறு நீக்கி, 2005-இல் முடிவை வெளியிட்டனர். திருமண வேண்டுதலுக்குப் பெயர்பெற்ற கோயிலின் பெயரால் அப்புரதத்திற்கு 'இசுமோ' என்று பெயரிட்டனர்.

ஜீன் நீக்கப்பட்ட பெண் எலிகள் குட்டி ஈன்றன. ஆண் எலிகளும் நலமாகவே இருந்தன. அவற்றின் விந்தணுக்கள் நன்கு நீந்தின. சினைமுட்டையின் உறையையும் துளைத்தன. ஆனால் முட்டையோடு இணையவில்லை! அதே விந்தணுவை ஊசிவழி முட்டைக்குள் செலுத்தியபோது குட்டிகள் பிறந்தன.

எலிக்குரியதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்தாது. எனினும் இசுமோ நம் விந்தணுவிலும் உண்டு. உடல்நலமுள்ள ஆணிடமும் கண்ணுக்குத் தெரியாத குறை இருக்கலாம். எனவே கணவன், மனைவி இருவருமே மருத்துவரிடம் செல்லட்டும். 'மலடி' என்னும் சொல் ஒழியட்டும்!