வேகம் கூடினால் கார்ச் சக்கரம் ஏன் முனகுகிறது?

ஜாலான் மேருவில் கிள்ளானை நோக்கிப் போகிறது ஒரு கார். 60 கிலோமீட்டர் வேகத்தில் முனகல் தொடங்குகிறது. 80-இல் ‘ஊம்’ என்று கனக்கிறது. நின்ற காரில் எஞ்சினை உறுமவிட்டால் அது வருவதில்லை. ஆகவே, குறை பெரும்பாலும் சக்கரத்தின் பக்கம்தான்.

இரண்டு தட்டுகளுக்கு நடுவே எண்ணெய் தடவிய கோலிக்குண்டுகள் உருள்வதைப் போன்றது சக்கர பேரிங். மழைநீர் கசிந்து கிரீஸ் கெட்டால், குண்டுகள் ஓடும் தடத்தில் பொடிப் பள்ளங்கள் விழும். குண்டுகள் அவற்றில் நொடிக்குப் பலமுறை இடறும். அந்த இடறல்கள் ஒன்றுசேர்ந்ததே முனகல்.

எந்தச் சக்கரம்? வளைவு சொல்லிவிடும். கார் வலப்பக்கம் திரும்பினால் எடை இடப்பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங்தான்.

டயர்தான் ஏமாற்றுக்காரன். கோணலாகத் தேய்ந்த டயரும் இப்படியே முனகும். ஆனால், கரடுமுரடான சாலையிலிருந்து புதுத் தாருக்கு ஏறியதும் டயரின் குரல் மாறும். பேரிங்கின் குரல் அவ்வளவாக மாறாது.

பிரேக்கை மிதித்தால் ‘கீச்’ என்பது வேறு கதை; பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம்.

பட்டறையில் காரைத் தூக்கிச் சக்கரத்தை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால், சரிசெய்யும்வரை நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.